எந்தக் கணக்கில் எழுதுவது?

பி.காம். படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். செலவு இரண்டு வகை என்று சொல்லிக் கொடுப்பார்கள். மெஷின் வாங்கினால் அது முதலினச் செலவு. பல வருஷம் பலன் தரும், சொத்துப் பக்கத்தில் எழுத வேண்டும். அந்த மெஷினுக்கு எண்ணெய் போட்டால் அது வருவாயினச் செலவு. அந்த வருஷத்தோடு கதை முடிந்தது. இரண்டையும் மாற்றி எழுதினால் அதற்கு விதிப்பிழை என்று பெயர். இந்தப் பிழையில் ஒரு வேடிக்கை உண்டு. ட்ரயல் பேலன்ஸ் அழகாக டாலி ஆகிவிடும். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரியும். ஆனால் கம்பெனியின் நிலைமை பற்றி அந்தக் கணக்கு சொல்வது பொய்யாக இருக்கும்.

அமெரிக்காவில் பிள்ளைகள் கால்பந்து ஆடுவதற்குப் பெற்றோர் செய்கிற செலவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாடம்தான் நினைவுக்கு வருகிறது.

அங்கே அதற்குப் பெயர் சாக்கர். 'ஃபுட்பால்' என்றால் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோதிக்கொள்கிற வேறு ஆட்டம். சாக்கர் ஆட ஒரு பந்து போதும், இல்லையா? புறநகர் அமெரிக்காவில் போதாது. ஏழெட்டு வயசிலேயே கிளப்பில் சேர்க்கிறார்கள். கிளப் ஃபீஸ், யூனிஃபார்ம், டோர்னமென்ட் கட்டணம், தனி கோச்சிங், வெளி மாநிலத்தில் மேட்ச் என்றால் விமான டிக்கெட், ஹோட்டல். வருஷத்துக்கு 2,000, 3,000 டாலர் என்பது சாதாரணம். பெரிய அணியில் இடம் கிடைத்துவிட்டால் பயணச் செலவோடு சேர்த்து 10,000 டாலரைத் தொடுகிற குடும்பங்களும் இருக்கின்றன. இந்த முறைக்கு அவர்களே வைத்திருக்கும் பெயர் 'பே டு ப்ளே'. காசைக் கட்டு, ஆடு. பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு மைதானம் மைதானமாக அலைகிற அம்மாக்களுக்கு 'சாக்கர் மாம்' என்றே பெயர். 1996 ஜனாதிபதித் தேர்தலில் இந்த அம்மாக்களின் ஓட்டு யாருக்கு என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின.

எதற்கு இத்தனை பாடு என்று கேட்டால் முதல் பதில், 'குழந்தை சந்தோஷமா ஆடுறா'. இன்னும் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் இரண்டாவது பதில் வரும். 'நாளைக்குக் காலேஜுக்கு ஸ்காலர்ஷிப் கிடைக்கும்ல?' நியூ ஜெர்ஸியிலும் டெக்சாஸிலும் வீடு வாங்கி செட்டிலாகிவிட்ட நம் ஜனங்களிடமும் இந்தப் பதிலைக் கேட்கலாம்.

ஆசை தப்பில்லை. படிப்பு, அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 80,000 டாலருக்கு மேல் பில் போடுகிற தனியார் பல்கலைக்கழகங்கள் அங்கே இருக்கின்றன. அப்படி நாலு வருஷம். தலை சுற்றத்தான் செய்யும். பிள்ளை பந்தை உதைத்து அந்தப் பில்லைக் கிழித்துவிட்டால் யாருக்குத்தான் கசக்கும்?

சரி, கிழிக்க முடியுமா?

கல்லூரி விளையாட்டை நடத்துகிற பெரிய அமைப்பு என்.சி.ஏ.ஏ. பள்ளியில் விளையாடும் பிள்ளைகளில் ஏதோ ஒரு அளவுக்காவது கல்லூரி விளையாட்டு ஸ்காலர்ஷிப் வாங்குகிறவர்கள் சுமார் 2 சதவிகிதம் என்று அந்த அமைப்பே சொல்கிறது. பள்ளி அணிகளில் சாக்கர் ஆடும் பையன்கள் மட்டும் நாலரை லட்சம் பேர் சுமாருக்கு இருக்கிறார்கள். அதில் என்.சி.ஏ.ஏ. கல்லூரி அணி எதிலாவது இடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கு ஐந்தாறு பேர். உச்சத்தில் இருக்கும் டிவிஷன் 1 என்றால் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை. அந்த இடங்களுக்கும் போட்டி உள்ளூர்ப் பையன்களோடு மட்டும் இல்லை. டிவிஷன் 1 ஆண்கள் அணிகளில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வெளிநாட்டு மாணவர்கள்.

அணியில் இடம் கிடைத்தால் மட்டும் பணம் கிடைத்ததாக ஆகிவிடாது. பல வருஷங்களாக டிவிஷன் 1-ல் ஆண்கள் சாக்கர் அணி ஒன்றுக்கு 9.9 ஸ்காலர்ஷிப்தான் உச்சவரம்பு. பெண்கள் அணிக்கு 14. அணியில் ஆட்களோ முப்பதுக்குப் பக்கம். பந்தியில் முப்பது பேர் உட்கார்ந்திருக்க, பத்து பேர் சாப்பாட்டைப் பங்கு போடுகிற நிலைமை கோச்சுக்கு. ஒருவருக்கு முக்கால், ஒருவருக்குக் கால், ஒருவருக்குப் புத்தகச் செலவு, மிச்சப் பேருக்கு வெறும் ஜெர்ஸி. 'என் பெண்ணுக்கு சாக்கர் ஸ்காலர்ஷிப்' என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் எவ்வளவு என்று கேட்பது அநாகரிகம். அதனால் யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் அது அரைகுறைத் தொகைதான். டிவிஷன் 3 கல்லூரிகளில் விளையாட்டுக்காக ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது என்பதே விதி. ஹார்வர்ட், யேல் இருக்கிற ஐவி லீக்கிலும் அப்படித்தான்.

2025-ல் ஒரு வழக்கில் சமரசம் ஆகி, விதி மாறியது. அந்த ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்கு 9.9, 14 என்ற வரம்பு இப்போது இல்லை. அணியில் 28 பேர் வரை வைத்துக்கொள்ளலாம், மனசிருந்தால் 28 பேருக்கும் முழுசாகக் கொடுக்கலாம். 'கொடுக்கலாம்' வேறு, 'கொடுப்பார்கள்' வேறு. கல்லூரியே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரவும் அதே சமரசம் வழி திறந்தது. அந்தப் பணத்தில் பெரும்பங்கு, டி.வி. வருமானம் கொட்டுகிற ஃபுட்பாலுக்கும் பாஸ்கெட்பாலுக்கும் போகிறது. சாக்கருக்கு மழை பெய்யும் என்று நம்பிக் குடத்தை வெளியே வைக்க வேண்டாம்.

'சார், ஸ்காலர்ஷிப் வாங்கினவங்க எல்லாருமே கிளப்ல ஆடினவங்கதானே?' என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. கல்லூரி கோச்சுகள் ஆள் தேடிப் போவது பெரும்பாலும் கிளப் டோர்னமென்ட்டுகளுக்குத்தான். ஒரே இடத்தில் ஏகப்பட்ட அணிகளைப் பார்த்துவிடலாம் அல்லவா? கிளப்பில் ஆடாத பிள்ளை அவர்கள் கண்ணில் படுவதே கஷ்டம். ஆனால் இதே தர்க்கத்தைத்தான் ஒரு காலத்தில் நம் ஊர் லாட்டரிக் கடைக்காரர்களும் சொன்னார்கள். சீட்டு வாங்காதவனுக்குப் பரிசு விழாது. வாஸ்தவம். அதனால் வாங்கினவனுக்கு விழும் என்று ஆகுமா? கல்லூரிக்குப் போன பிள்ளைகளின் படங்களைக் கிளப்புகள் பெருமையாகப் போடும். அதே ஃபீஸைக் கட்டிவிட்டுப் போகாத பிள்ளைகளின் படத்தை யார் போடுவார்கள்?

ஒரு சின்னக் கணக்கு. வருஷம் 5,000 டாலர். எட்டு வயசிலிருந்து பத்து வருஷம். இதைக் கிளப்புக்குக் கட்டாமல் 5 சதவிகிதக் கூட்டு வட்டியில் போட்டு வந்தால் பதினெட்டாவது வயசில் கிட்டத்தட்ட 63,000 டாலர் கையில் இருக்கும். கோச்சின் தயவு வேண்டாம், முழங்கால் சவ்வு கிழியுமோ என்ற பயம் வேண்டாம். மார்க்குக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ப அமெரிக்கக் கல்லூரிகள் தருகிற உதவியோ, விளையாட்டுக்குத் தருவதைவிடப் பல மடங்கு பெரியது.

ஆக, முதலீடாகப் பார்த்தால் பெரும்பாலான குடும்பங்களுக்கு இது நஷ்டம். இதோடு நிறுத்திக்கொண்டால் இது பணத்தைப் பற்றிய கட்டுரை. எனக்கு உறுத்துவது வேறு.

மெஷினில் பணம் போட்டால், போட்ட பணத்தை அது எடுத்துத் தருகிறதா என்று பார்ப்போம். தராவிட்டால் திட்டுவோம், விற்போம். மெஷினுக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளைக்குத் தெரியும். தன் பேரில் பணம் போகிறது என்பது பத்து வயசிலேயே புரிந்துவிடும். காரில் திரும்பி வரும்போது அப்பா பேசாமல் வந்தால், 'கோல் மிஸ் பண்ணினேன்' என்பதை அது வேறு மாதிரி படிக்கும்.

யூட்டா ஸ்டேட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் இதைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வருமானத்தில் எவ்வளவு பெரிய பங்கைப் பெற்றோர் விளையாட்டில் கொட்டுகிறார்களோ அவ்வளவுக்குப் பிள்ளை அழுத்தத்தை உணர்கிறது. அழுத்தம் கூடக்கூட ரசிப்பு குறைகிறது. ரசிப்பு குறைந்தால் தொடர்ந்து ஆடும் மனசும் குறைகிறது. பிள்ளை ஆட்டத்தில் நீடிக்க வேண்டும் என்று கொட்டுகிற பணமே அதை ஆட்டத்தை விட்டுத் துரத்துகிறது என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

இதற்கும் பல வருஷம் முன்னால், 1973-ல், ஸ்டான்ஃபோர்டு நர்சரிப் பள்ளியில் நடந்த ஒரு சோதனை மனோதத்துவத்தில் பிரபலம். படம் வரைவதில் ஆசையுள்ள குழந்தைகளில் சிலரிடம் 'வரைந்தால் பரிசு உண்டு' என்று முன்கூட்டியே சொல்லி வரையச் சொன்னார்கள். அப்புறம் சில நாள் கழித்துப் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தார்கள். பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிட ரொம்பக் குறைவான நேரமே அந்தப் பக்கம் போனார்கள். விளையாட்டாக இருந்தது வேலையாகிவிட்டது. சம்பளம் இல்லாவிட்டால் வேலைக்கு யார் போவார்கள்?

பதினாலு வயசுப் பெண் ஒருத்தி ஒருநாள் சொல்கிறாள்: 'அம்மா, எனக்கு சாக்கர் போதும். நான் டிராயிங் கத்துக்கப் போறேன்.' அந்த வயசில் மனசு மாறுவது இயற்கை. ஆனால் செலவை முதலீடாக எழுதி வைத்திருக்கும் வீட்டில் உடனே வருகிற பதில்: 'இவ்வளவு வருஷம் இவ்வளவு செலவு பண்ணிட்டு இப்ப நிறுத்துறியா?' அந்த ஒரு வாக்கியத்தில் மகள் கடன்காரி ஆகிவிடுகிறாள். அவள் கேட்காத கடன், கையெழுத்துப் போடாத கடன். போன பணம் போனதுதான், அதை வைத்து அடுத்த முடிவை எடுக்காதே என்பது எங்கள் காமர்ஸ் பாடத்திலேயே இருக்கிறது. கம்பெனி விஷயத்தில் ஒப்புக்கொள்கிறோம். பிள்ளை விஷயத்தில் மறந்துவிடுகிறோம்.

ஆட்டத்தை வெறும் நுழைவுச்சீட்டாகப் பார்க்கிற புத்தி கடைசியில் எங்கே போய் நிற்கும் என்பதை 2019-ல் வெளிவந்த கல்லூரி அட்மிஷன் மோசடியில் உலகம் பார்த்தது. பணக்காரப் பெற்றோர் சிலர் ஒரு தரகர் மூலமாகப் பயிற்சியாளர்களுக்குக் காசு கொடுத்து, தங்கள் பிள்ளைகளை விளையாட்டு வீரர்களாகக் காட்டி இடம் வாங்கினார்கள். யேலில் ஒரு மாணவி சாக்கர் வீராங்கனை என்ற பேரில் உள்ளே போக, அவள் குடும்பம் தரகருக்குக் கொடுத்தது 12 லட்சம் டாலர். பலர் தண்டனை பெற்றார்கள், தரகர் ஜெயிலுக்குப் போனார். அதைக் குற்றம் என்று சொல்வது சுலபம். குற்றம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். சீட்டுதான் முக்கியம், ஆட்டம் வெறும் வழி என்று ஆகிவிட்டால், வழியைச் சுருக்குகிறவன் கெட்டிக்காரனாகத்தானே தெரிவான்?

இன்னொன்று. ஸ்காலர்ஷிப்பை நாம் உதவித்தொகை என்கிறோம். யாருக்கு உதவி? பத்து வருஷம் ஃபீஸ் கட்டினால்தான் கோச்சின் கண்ணில் பட முடியும் என்றால், அந்த உதவி போய்ச் சேர்வது ஏற்கெனவே வசதி உள்ளவர்களுக்குத்தான். 2018 உலகக் கோப்பைக்கு அமெரிக்க ஆண்கள் அணி தகுதி பெறாமல் போனபோது இந்தப் பேச்சு பெரிசாகக் கிளம்பியது. அந்நாட்டுப் பெண்கள் அணியின் முன்னாள் கோல்கீப்பர் ஹோப் சோலோ, சாக்கர் பணக்கார வெள்ளைக்காரப் பிள்ளைகளின் ஆட்டமாகிவிட்டது என்று வெளிப்படையாகவே சொன்னார். தொழில்முறை எம்.எல்.எஸ். அணிகளில் பல, தங்கள் அகாடமியில் ஃபீஸ் வாங்காமல் பையன்களைப் பயிற்றுவிக்கின்றன. ஆனால் அந்த வாசல் ரொம்பச் சின்னது.

அதற்காக கிளப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல கோச், நாலு சிநேகிதிகள், தோற்றுவிட்டு அடுத்த வாரம் மறுபடி வந்து நிற்கிற தைரியம், ராத்திரி படுத்ததும் தூக்கம். இதெல்லாம் காசு கொடுத்தாலும் சுலபமாகக் கிடைக்காது. விஷயம் என்னவென்றால், இவை எல்லாமே வருவாயினம். இந்த சீசனுக்குக் கட்டிய பணத்துக்கு இந்த சீசனிலேயே பலன் கைக்கு வந்துவிடுகிறது. பாக்கி எதுவும் இல்லை. பிள்ளை யாருக்கும் எதுவும் திருப்பித் தர வேண்டியதில்லை.

உங்கள் தங்கையோ மச்சானோ அங்கே இருந்து போன் பண்ணி, 'பெரிய கிளப்ல இடம் கிடைச்சிருக்கு, சேர்க்கலாமா?' என்று கேட்டால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நாளைக் காலையில் அமெரிக்காவின் எல்லாக் கல்லூரிகளும் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பை நிறுத்திவிட்டதாக வைத்துக்கொள். அப்பவும் இந்த ஃபீஸைக் கட்டுவியா?

கட்டுவேன் என்றால் தாராளமாகக் கட்டட்டும். சனிக்கிழமை மேட்ச்சுக்குப் போய்க் கை தட்டட்டும். ஸ்காலர்ஷிப் வந்தால் அது போனஸ். கொஞ்சம் தயங்கினால், பணத்தை பேங்க்கில் போட்டுவிட்டு, பந்தை மட்டும் பிள்ளையிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள். பக்கத்திலேயே பார்க் இருக்கும்.