பாவனையும் பொய்யும்

ஒருவன் இன்னொருவனைப் போலப் பாவனை செய்வது எந்த இடத்தில் பொய்யாகிறது? காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் பாரதக் கூத்து நடக்கும்போது, தருமராக வேஷங் கட்டுகிறவர் பகலெல்லாம் செங்கல் அறுக்கிறவராக இருக்கலாம். கிரீடத்தோடு சபையில் வந்து நின்றுவிட்டால் அவர் நாடிழந்த மன்னர்தான். விடிய விடிய ஜனங்கள் அவருக்காக உருகுகிறார்கள். அவரைப் பொய்யர் என்று யாரும் சொல்வதில்லை. அதே கிரீடத்தோடு அவர் மறுநாள் மளிகைக் கடைக்குப் போய், "இந்திரப்பிரஸ்தத்துக் கணக்கில் எழுதிக்கொள்" என்று ஐந்து கிலோ அரிசி கேட்டால் கடைக்காரர் என்ன செய்வார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பழைய கேள்விதான். அது எனக்குப் புதிய உருவில் வந்து சேர்ந்தது தாமலில். காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையில், பெரிய ஏரியைக் கரையாகக் கொண்ட ஊர். அங்கே எனக்குப் பழக்கமான நெசவாளர் ஒருவரின் மகன் கல்லூரியில் படிக்கிறான். அவனிடம் இருப்பது இரண்டாங் கை மடிக்கணினி. அதில் இருந்த வின்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திக்கொண்டது. அடுத்த வின்டோஸை ஏற்க அந்தப் பழைய யந்திரத்துக்குத் தகுதியில்லை. புதிது வாங்கப் பணமுமில்லை. ஆகவே யாருக்கும் காசு கொடுக்க வேண்டாத லினக்ஸை அதில் ஏற்றிக்கொண்டான்.

இங்கேதான் சிக்கல். முன்பு கைக்காசு சேர்த்து வாங்கி வைத்திருந்த விளையாட்டுகள் எல்லாம் வின்டோஸுக்கென்றே செய்யப்பட்டவை. லினக்ஸில் அவை வாய் திறக்காது. அவற்றைப் பேச வைக்க 'ஒயின்' என்று ஒன்று இருக்கிறது. (பெயரை முதல் தடவை கேட்டபோது தகப்பனார் மகனை வேறு மாதிரி விசாரித்தாராம், அது தனிக் கதை.) அதை வைத்து விளையாட்டு ஓடியதும் பையன் குதூகலமாகச் சொன்னான்: "இப்ப இது வின்டோஸ்லதான் இருக்கோம்னு நெனச்சிக்கிட்டு ஓடுதுப்பா!"

தகப்பனார் முகம் மாறிவிட்டது. "அப்போ ஏமாத்தறதுதானே?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க எழுதறவரு, சொல்லுங்க சார். விசைத்தறியில ஓட்டிட்டு, கைத்தறிக் காஞ்சிப் பட்டுன்னு விக்கிறானே, அவன் செய்யறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை இருந்தது. குழித்தறியில் உட்கார்ந்து, உடலையும் கரையையும் கோர்வை போட்டு இணைத்து, நாட்கணக்கில் நெய்த சேலைக்குப் பக்கத்தில், பார்வைக்கு அதே மாதிரி ஒன்று பாதி விலைக்கு வந்து உட்கார்ந்தால் அவர் என்ன செய்வார்? 1985-ஆம் ஆண்டுச் சட்டம் சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. இருந்தும் போலி வருகிறது. போலியால் அடிபட்டவருக்குப் 'போல' என்ற சொல்லே கசக்கும். ஆகவே அவர் கேள்வியைச் சிரித்துத் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஒயின் உண்மையில் செய்வது என்ன? ஒரு விளையாட்டு தனியாக எதையும் செய்துகொள்வதில்லை. 'இந்தக் கோப்பைத் திற', 'இந்தச் சத்தத்தை எழுப்பு', 'இங்கே ஒரு முக்கோணம் வரை' என்று ஓயாமல் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கேட்பது வின்டோஸ் பாஷையில். ஒயின் நடுவில் நின்று, அந்தப் பெயர்களுக்கெல்லாம் பதில் சொல்லத் தெரிந்துகொண்டு, வேலையை லினக்ஸிடம் வாங்கிக் கொடுக்கிறது. சி டிரைவ் எங்கே என்று கேட்டால், அந்தப் பெயரில் ஒரு சாதாரண அறையைக் காட்டுகிறது. படம் வரையும் கட்டளைகளை மொழிபெயர்க்க டி.எக்ஸ்.வி.கே. என்று கூடவே இன்னொரு துபாஷி. முழு யந்திரத்தையும் பொம்மையாகச் செய்து அதற்குள் ஓட்டுவதில்லை என்பதால் வேகமும் அதிகம் குறைவதில்லை.

இந்த வேலை 1993-இல் தொடங்கியது. 1994-இலிருந்து அலெக்சாந்தர் ஜூலியார் என்பவர் முன்நின்று நடத்துகிறார். ஒயின் 1.0 என்று பெயரிட்டு வெளியிட அவர்களுக்கு 2008 வரை ஆயிற்று. பதினைந்து வருஷம்! இவ்வளவு நாள் ஏன் என்றால், அவர்கள் மைக்ரோசாப்டின் மூல எழுத்தைப் பார்த்து எழுதவில்லை. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் தங்களுக்கு எழுதித் தர வேண்டாம் என்றே விதி வைத்திருக்கிறார்கள். 2004-இல் வின்டோஸின் மூல எழுத்தில் ஒரு பகுதி வெளியே கசிந்தபோதும் அந்த விதியைத் தளர்த்தவில்லை. ஒவ்வொரு கட்டளைக்கும் அசல் என்ன பதில் தருகிறது என்று வெளியிலிருந்து சோதித்து, சோதித்ததை வைத்துத் தாங்களே புதிதாக எழுதினார்கள்.

நெசவாளரிடம் இதை அவர் பாஷையிலேயே சொன்னேன். கடையில் விரித்த சேலையைப் பார்த்துவிட்டு வந்து, தானாகக் கணக்குப் போட்டு அந்தப் புட்டாவை நெய்வது ஒன்று. அடுத்த வீட்டுத் தறியிலிருந்து ஜக்கார்டு அட்டைக் கட்டை ராத்திரியில் எடுத்து வருவது வேறு. அவர் ஒரு கணம் யோசித்தார். "முதல்ல சொன்னதும் கொஞ்சம் திருட்டுதான் சார்" என்றார். நான் மறுக்கவில்லை. இந்தப் பெயர்களே உடைமையா என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. ஜாவாவின் கட்டளைப் பெயர்களைக் கூகிள் எடுத்தாண்டது நியாயமான உபயோகமே என்று 2021 ஏப்ரலில் அது ஆரக்கிளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆனால் பெயர்கள் உடைமைதானா என்ற அடிப்படைக் கேள்வியை நீதிபதிகள் தீர்க்காமலே விட்டுவிட்டார்கள். நெசவாளரின் 'கொஞ்சம்' என்ற சொல் அவர்களுக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

ஆனாலும் சேலையில் ஏமாறுகிறவர் யார்? வாங்குகிற பெண்மணி, அவர் மூலமாக, நெய்தவர். இங்கே யார்? ஒயின் தன்னை வின்டோஸ் என்று யாருக்கும் விற்கவில்லை. விளையாட்டுக்கு விலை கொடுத்தாகிவிட்டது. 'நெனச்சிக்கிட்டு ஓடுது' என்று பையன் சொன்னது வாய்ச்சொல். விளையாட்டுக்கு ஏது மனசு? பொய் என்பதற்கு அந்தப் பக்கம் நம்புகிற ஒரு மனிதர் வேண்டாமா? இன்னொரு சங்கதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு நிரல் சந்தேகப்பட்டு, 'நீ ஒயின்தானா, எத்தனையாவது பதிப்பு?' என்று நேரே கேட்பதற்கு ஒயினுக்குள்ளேயே ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுகிறது. போலிச் சேலை விற்கிறவர் அப்படி ஒரு வாசல் வைப்பதில்லை.

இதோடு நான் நிறுத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பையன் நேர்மையானவன். ஒயினின் 'ஸ்டேஜிங்' என்ற வேறொரு பதிப்பில், ஒயின் என்பதை நிரல்களுக்குத் தெரியாமல் மறைக்க ஒரு கட்டம் இருக்கிறது என்றும், அதில் ஒரு குறி போட்டால் போதும் என்றும் அவனே காட்டினான்.

அந்தக் கட்டம் என்னை உறுத்தியது. ஒயின் என்று தெரிந்ததுமே காரணமில்லாமல் முறைத்துக்கொள்ளும் நிரல்களும் உண்டு. தன் அறையில், தன் காசில் வாங்கியதை, தனியாக ஆடுகிறவன் குறி போட்டுக்கொண்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பலர் கூடி வலையில் ஆடும் பந்தயங்கள் வேறு. அங்கே மறுபக்கத்தில் மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' என்ற ஆட்டத்தை நடத்துகிறவர்கள், மோசடிக்காரர்கள் லினக்ஸ் வழியாக நுழைகிறார்கள் என்று சொல்லி 2024 அக்டோபர் 31-இல் லினக்ஸ்காரர்கள் அத்தனை பேருக்கும் கதவைச் சாத்தினார்கள். சில திருடர்களுக்காகத் தெருவையே அடைத்த மாதிரி இருக்கிறது இது. நேர்மையாக ஆடியவர்களுக்குச் செய்த அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் அந்தக் கதவுக்குள் வேறு பெயரில் நுழைகிறவனுக்கு நான் பரிந்து பேச மாட்டேன். எதிரே ஆடுகிறவர் ஒரு விதியை நம்பி உட்கார்ந்திருக்கிறார். அவரிடம்தான் பொய் போய்ச் சேருகிறது.

பையனுக்கு இது ரசிக்கவில்லை. "அவங்க பண்ணினது மட்டும் நியாயமா?" என்றான். இல்லைதான்.

தகப்பனார் வேறொன்று கேட்டார். "செஞ்சவன் கிட்டக் கேட்டுட்டா என்ன?" நான் எதிர்பாராத கேள்வி. கேட்கத்தான் செய்கிறார்கள். ஒயினை அடிப்படையாகக் கொண்டு வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் 'புரோட்டான்' என்பதை வெளியிட்டது. 2022 பிப்ரவரியில் லினக்ஸில் ஓடும் கையடக்க விளையாட்டு யந்திரம் ஒன்றையே விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு, விளையாட்டு செய்கிறவர்களிலேயே சிலர் புரோட்டானில் ஓடுகிறதா என்று தாங்களே சோதித்துப் பார்த்து வெளியிடுகிறார்கள். "அப்போ சில பேரு சரின்னுட்டான். மத்தவன்?" என்றார் நெசவாளர். மகனைப் பார்த்து, "நீ ஆடறதைச் செஞ்சவனுக்கு ஒரு கடுதாசி போட்டுக் கேளேன்டா" என்றார்.

பையன் அரை மனதோடு இங்கிலீஷில் நாலு வரி எழுதி அனுப்பினான். இரண்டு மாதம் ஆகிறது, பதில் வரவில்லை.