முடிவு யாருடையது?

வீட்டையும் நிலத்தையும் பிறர் பொறுப்பில் விட்டுச் செல்லலாம். வலியை அவ்வாறு விட்டுச் செல்ல இயலாது. அது யாருக்கு வந்ததோ அவரே அதனைத் தாங்கியாக வேண்டும். ஆயினும், தமிழ்க் குடும்பங்களில் ஒரு பெண் நோயுறும்போது, அவள் உடலைப் பற்றிய முடிவை அவளைத் தவிர மற்ற அனைவரும் கூடி எடுப்பதைப் பலரும் கண்டிருப்பர். அன்பினால் செய்யப்படும் இச்செயல் அறமாகுமா என்பது ஆராயத்தக்கது.

அறுபத்திரண்டு வயதுத் தாய் ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். இளமையில் விடியுமுன்னே தலைவிளக்கோடு பால்மரக் காட்டுக்குச் சென்றவள். தோட்டத்தைவிட்டு நகரத்துக்கு வந்தபின் உணவுக்கடையில் வேலை செய்து மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவள். மாதவிடாய் நின்று பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஒரு நாள் துணியில் சிறு குருதிக் கறையைக் காண்கிறாள். இரண்டு வாரங்களில் மீண்டும் காண்கிறாள். ‘பேரன் பேத்தி எடுத்த வயதில் இதைப் போய் யாரிடம் சொல்வது?’ என்று தனக்குள்ளேயே அடக்கிக் கொள்கிறாள். நான்கு மாதங்கள் கழிகின்றன. துவைக்கப் போட்ட துணி மகளின் கண்ணில் பட்ட பிறகே செய்தி வெளிவருகிறது.

அவளை வாய்திறவாமல் தடுத்தது எது? நாணம் என்று கூறுவர். ஆனால், திருக்குறளின் நாணுடைமை அதிகாரம் தன் முதற்குறளிலேயே, தகாத செயலுக்கு நாணுவதையும் மகளிர்க்கு இயல்பான நாணத்தையும் வேறு வேறாகப் பிரித்துக் காட்டுகிறது. மனிதர் அனைவர்க்கும் உரியதாக வள்ளுவர் போற்றுவது முன்னதையே. நோயுறுதல் ஒருவர் செய்த செயலன்று. செய்யாத ஒன்றிற்காக நாணி ஓர் உயிர் தன்னையே இழக்குமாயின், அந்நாணத்தை அணிகலன் என்று எவ்வாறு கூறுவது?

இவ்வகையில் மருத்துவம் கூறுவது தெளிவானது. பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து மாதவிடாய் வாராது நின்றுவிட்ட பின், ஒரு துளி குருதி கண்டாலும் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். அதற்காக அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. அவ்வாறு குருதி காணும் பெண்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. கருப்பையின் உட்படலம் மெலிந்து போதலும், தீங்கற்ற சிறு சதை வளர்ச்சியும் அதற்குப் பெரும்பாலும் காரணமாகின்றன. எஞ்சியவர்க்கோ அது கருப்பைப் புற்றுநோயின் முதல் எச்சரிக்கை. நீரிழிவும் உடற்பருமனும் உடையவர்க்கு அந்நோய்க்கான வாய்ப்பு மிகுதி. நோய் கருப்பைக்குள் அடங்கியிருக்கும்போதே கண்டு நீக்கப்பட்டால், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர். காலத்தோடு குரல் கொடுக்கும் நோய் அது. அக்குரலைக் கேட்டவளே அதனை மூடி மறைப்பதுதான் கொடுமை.

தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கின்றனர். ஸ்கேன் செய்து உட்படலத்தின் தடிப்பை அளக்கின்றனர். அது 4 மில்லிமீட்டருக்கு மேற்படாதிருந்தால் புற்றுநோய்க்கான வாய்ப்பு மிகக் குறைவு. அவளுக்கோ மிகுதியாகத் தடித்திருக்கிறது. சிறிதளவு திசுவை எடுத்துச் சோதித்ததில், இன்னும் புற்றுநோயாகாவிடினும், அணுக்கள் இயல்பு திரியத் தொடங்கிவிட்டன என்று தெரிகிறது. கருப்பையை நீக்கிவிடுதலே நன்று என்பது மருத்துவரின் கருத்து. அறுவைக்கு உடல் இடந்தராதவர்க்கும், அதனை விரும்பாதவர்க்கும் மற்றொரு வழி உண்டு. ஹார்மோன் மருந்து கொடுத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை திசுவைச் சோதித்து வருவது. முன்னதில் அறுவையின் இடர் உண்டு. பின்னதில் நோய் முற்றிவிடக்கூடும் என்ற இடர் உண்டு.

அன்றிரவு வீட்டின் முன்கூடத்தில் குடும்பம் கூடுகிறது. அறுவை செய்துவிடலாம் என்கிறான் மூத்த மகன். அம்மாவுக்கு நீரிழிவு இருக்கிறதே, மருந்தே போதும் என்கிறாள் மகள். இளையவன் திருமணம் முடியட்டும் என்கிறார் சித்தப்பா. “எதுவானாலும் அம்மாவிடம் முழுவதும் சொல்லிவிடாதீர்கள், தாங்கமாட்டார்” என்று முடிக்கிறான் மகன். அம்மா அடுக்களையில் அவர்களுக்குத் தேநீர் கலக்கிக் கொண்டிருக்கிறாள்.

அங்கே கூடியிருந்தவர்களுள் தீயவர் எவருமில்லை. எனினும், அங்கு ஒரு தவறு நேர்ந்துவிட்டது. திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்கு பகுதியாக வகுத்து, நோயுற்றவரை முதலிலும், மருத்துவரையும் மருந்தையும் இடையிலும், உடனிருந்து கவனிப்பவரை இறுதியிலும் நிறுத்துகிறது. உறவினர்க்கு உரிய இடம் அந்த நான்காம் இடமே. உயர்ந்த இடந்தான்; ஆயினும் முதலிடம் ஆகாது. 2006-ஆம் ஆண்டில் மலேசியக் கூட்டரசு நீதிமன்றமும் ஃபூ ஃபியோ நா என்னும் பெண்மணியின் வழக்கில் இதனையொத்த நெறியையே வலியுறுத்தியது. சிகிச்சையிலுள்ள முக்கியமான இடர்களை நோயாளிக்கு எடுத்துரைப்பது மருத்துவரின் கடமை என்றும், எதைச் சொல்வது என்பதை மருத்துவ உலகின் வழக்கம் மட்டுமே முடிவு செய்ய இயலாது என்றும் அது தீர்ப்பளித்தது.

உண்மை அவளைக் கலங்கச் செய்யாதா என்று கேட்கலாம். கலங்கச் செய்யும்தான். ஆனால், கணவனைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவிட்டு மறுவாரமே வேலைக்குச் சென்றவள் அவள். அவள் தாங்கமாட்டாள் என்பது அவளைப் பற்றிய கணிப்பா, பிள்ளைகள் தம்மைப் பற்றிக் கொண்ட அச்சமா?

“எனக்கொன்றும் தெரியாது, பிள்ளைகள் பார்த்துக் கொள்வார்கள்” என்று கூறும் தாய்மாரும் உளர் என்பது உண்மை. எல்லாம் அறிந்தபின் அவ்வாறு ஒப்படைத்தால், அதுவும் அவள் எடுத்த முடிவே. அறியாமலே ஒப்படைக்கப்படுவது வேறு. அதுபோலவே, முடிவு அவளுடையது என்று கூறிவிட்டு அவளைத் தனியே விட்டுவிடுவதும் அறமாகாது. அறிந்து முடிவெடுக்க அவளுக்குத் துணை வேண்டும், விளக்கம் வேண்டும், சில நாள் அவகாசமும் வேண்டும்.

மறுநாள் காலை மகள் தாயின் அருகில் அமர்ந்து அனைத்தையும் சொல்கிறாள். தாய் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் மூன்று கேள்விகள் கேட்கிறாள். “செய்யாவிட்டால் என்ன ஆகும்? செய்தால் எத்தனை நாள் படுக்கையில் இருக்க வேண்டும்? அதற்குப் பிறகு பேத்தியைத் தூக்கலாமா?” முன்கூடத்தில் கூடிய எவருக்கும் தோன்றாத கேள்வி அந்த மூன்றாவது. அதையும் மருத்துவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, அறுவையே ஆகட்டும் என்கிறாள். மருந்தே போதும் என்று அவள் கூறியிருந்தாலும் அம்முடிவு அவளுடையதே. மகன் அதனை ஏற்றுச் சோதனை நாள் தவறாமல் அவளை அழைத்துச் சென்றிருக்க வேண்டும்.

பிள்ளைகள் தாயிடமும் பாட்டியிடமும் “உடம்பு எப்படி இருக்கிறது?” என்று கேட்பது நல்ல வழக்கம். “நன்றாகத்தான் இருக்கிறது” என்ற முதல் விடையோடு எழுந்து சென்றுவிடாமல், உண்மை வரும்வரை அருகில் அமர்ந்திருப்பது அதனினும் நன்று. உண்மை வந்தபின் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், அம்மா?” வாழ்நாள் முழுதும் பிறர்க்காகவே முடிவெடுத்தவளிடம், அவளுக்காகக் கேட்கப்படும் கேள்வி அது.