யார் செய்த பாவம்?

நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் வந்த குழந்தை காலையில் கண் விழிக்கும்போது இமைகள் வீங்கியிருக்கும். சிறுநீர் நுரைத்துப் போகும். ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரகத்தின் வடிகட்டி வழியே கசிந்துவிடுவதுதான் நோய். பத்தில் எட்டு, ஒன்பது குழந்தைகளுக்குப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்த சில வாரங்களில் கசிவு நின்றுவிடும். மற்றவர்களுக்கு ஆறு வாரம் முழு அளவில் கொடுத்தும் காலைச் சிறுநீரில் தோய்த்த சோதனைப் பட்டை மஞ்சளிலிருந்து பச்சைக்கே மாறுகிறது. பெற்றோர் குறித்துவரும் நோட்டில் புரதத்துக்கு மறுபடியும் மூன்று பிளஸ். நோயின் வீக்கம் வடியவில்லை, மருந்தினால் கன்னமும் உப்பிவிட்டது. ஏறக்குறைய இந்தக் கட்டத்தில்தான் வீட்டில் பேச்சு திசை மாறுகிறது. யார் செய்த பாவம், எந்தப் பிறவியின் கணக்கு, என்ன தோஷம்? நோய் மருந்துக்குக் கேட்காததையே மேலே இருந்து வந்த தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு குழந்தையின் நோய்க்கு வினையைக் காரணம் சொல்ல நமக்கு உரிமை இல்லை என்றே நான் கருதுகிறேன். சான்றுகள் அதற்கு இடம் தரவில்லை. சமயங்களின் ஆழ்ந்த குரல்களும் இடம் தரவில்லை.

மருந்து ஏன் கேட்கவில்லை என்பதற்கு இன்று ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது. ஸ்டீராய்டு நோயெதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் மருந்து. ஆனால் இக்குழந்தைகள் சிலருக்கு வடிகட்டியின் கட்டமைப்பிலேயே குறை. அதைத் தாங்கிப் பிடிக்கும் போடோசின் என்ற புரதத்துக்கான மரபணுவை 2000ஆம் ஆண்டில் பாரிஸ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பல நாட்டு நோயாளிகளைச் சோதித்த ஒரு பெரிய ஆய்வில், ஸ்டீராய்டுக்குக் கேட்காதவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு இப்படி ஒற்றை மரபணுக் கோளாறு தெரிந்தது. இதன் நெருங்கிய உறவான பிறவி நெஃப்ரோடிக் நோய் ஃபின்லாந்தில் சுமார் 8,000 முதல் 10,000 பிறப்புக்கு ஒன்று என்ற அளவில் வருகிறது. அங்கே ரெய்யோ நோரியோ என்ற மருத்துவர், தேவாலயங்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த பதிவேடுகளைப் புரட்டி 57 குடும்பங்களின் முன்னோர்களைத் தேடினார். 1966இல் வெளிவந்த அந்த ஆய்வு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணுவின் ஒவ்வொரு பிரதி வந்தால்தான் இந்த நோய் வரும் என்று காட்டியது. ஒரே பிரதி உள்ளவர்களுக்கு எந்தக் குறையும் தெரியாது. அப்படிப்பட்ட இருவர் மணந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒரு சிறிய மக்கள்தொகைக்குள் ஒரு பிழை ஓசையில்லாமல் பல தலைமுறைகள் பயணம் செய்திருக்கிறது. ஒரே வகைப் பாவம் செய்த உயிர்கள் எல்லாம் அந்த நாட்டைத் தேடிப் போய்ப் பிறந்தன என்று சொல்ல யாருக்காவது மனம் வருமா?

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மரபணு எப்படி என்பதைத்தான் சொல்கிறது. இந்தக் குழந்தைக்கு ஏன் என்பதற்குப் பதில் வினைதான், மரபணு அதன் கருவி என்பார்கள். சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாக வகுத்து இதை நுட்பமாகவே பேசுகிறது. இதை ஆய்வுக்கூடத்தில் பொய்யாக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குணமானால் நல்வினை, குணமாகாவிட்டால் தீவினை என்று எதற்கும் பொருந்தும் விளக்கம் இந்தக் குழந்தையைப் பற்றி நமக்கு எதையும் சொல்வதில்லை. தான் என்ன செய்தோம் என்று அறியாத, அறிய வழியே இல்லாத மூன்று வயதுக் குழந்தை படும் வேதனையை நீதி என்று அழைப்பது நீதியையே சிறுமைப்படுத்துவது. சமயம் இதை உணராமல் இல்லை. திருச்செங்கோட்டில் அடியார்களைக் குளிர்சுரம் வாட்டியபோது ஞானசம்பந்தர் பாடியது திருநீலகண்டப் பதிகம் என்பது மரபு. பழவினையைக் காரணம் காட்டிவிட்டு மீளும் வழியைத் தேடாமல் இருப்பதை அதன் முதல் பாட்டே கண்டிக்கிறது. வினைக் கொள்கையை ஏற்றவர் வாயிலிருந்து வந்த கண்டனம் அது. பௌத்த நூலான சம்யுத்த நிகாயத்தில் சீவகன் என்ற பரிவிராசகத் துறவி கேட்டபோது புத்தர், பித்தம், கபம், வாதம், பருவ மாற்றம் எனக் காரணங்களை அடுக்கி, எல்லா வேதனையும் பழவினையால் வருகிறது என்பது மிகைக்கூற்று என்று மறுத்தார். பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் இவனுடையதா பெற்றோருடையதா என்று சீடர்கள் கேட்டபோது இயேசு இரண்டையும் மறுத்ததாக யோவான் எழுதுகிறார்.

வினை என்ற நம்பிக்கை துயரத்தைத் தாங்கவாவது உதவுகிறதே, வெறும் தற்செயல் என்பது அதைவிடக் கொடுமையில்லையா என்று கேட்கலாம். தன் துன்பத்தை ஒருவர் தன் வினையாக ஏற்றுக்கொண்டு அமைதி அடைந்தால் அதில் தலையிட எனக்கு எந்த உரிமையும் இல்லை. பிறர் மேல், அதுவும் தனக்காகப் பேச முடியாத குழந்தை மேல் அதைச் சுமத்தும்போது ஆறுதல் குற்றச்சாட்டாகிவிடுகிறது. நடைமுறையில் அது போய் விழுவது பெரும்பாலும் தாயின் தலையில். மரபியல் காட்டுவதோ இருவருக்கும் சம பங்கு. சொந்தத்தில் மணப்பது இந்த வாய்ப்பைக் கூட்டும் என்பது உண்மை. அதைத் தெரிந்துகொள்வது அடுத்த தலைமுறைக்கு உதவும். தெரியாமல் நடந்ததற்கு யாரையும் கூண்டில் ஏற்ற முடியாது. தற்செயல் கொடுமைதான், ஆனால் அது யாரையும் பார்த்து விரல் நீட்டுவதில்லை.

பாவம் யாருடையது என்ற விசாரணையில் வீடு மூழ்கியிருக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் தள்ளிப்போகின்றன. மரபணுக் கோளாறு உறுதியானால், வளர்ச்சியைக் குறைத்துக் கண்புரையையும் வரவழைக்கும் ஸ்டீராய்டைப் பயனின்றித் தொடர வேண்டியதில்லை. மரபணுக் கோளாறு இல்லாத பல குழந்தைகளுக்கு டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகள் பலன் தருகின்றன. சிறுநீரகம் செயலிழந்து மாற்று அறுவை செய்ய நேர்ந்தால், மரபணு வகை புதிய சிறுநீரகத்தில் திரும்புவது அரிது. கொடையாளரின் வடிகட்டி தன் புரதத்தைத் தானே செய்துகொள்ளும். வடிகட்டித் திசு வடுவாகும் எஃப்.எஸ்.ஜி.எஸ். வகையில், மரபணுக் காரணம் இல்லாதவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு நோய் திரும்பிவிடுகிறது. எந்த வகை என்று அறுவைக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஆறு வாரத்துக்குப் பிறகும் பட்டை பச்சையாக மாறினால், மரபணுப் பரிசோதனை தேவையா என்று பெற்றோர் இருவரும் சேர்ந்து போய்க் குழந்தைகள் சிறுநீரக மருத்துவரிடம் கேட்கலாம்.