நந்தி ஏன் விலகியது?



நம் ஆலயங்களில் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு நடத்துகிறவர்களில் பலர் உங்களைப் போன்ற இளைஞர்கள்தான். பாலர்களுக்குக் கதை சொல்ல உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு படக்கதைப் புத்தகம். 1967-இல் அனந்த் பை தொடங்கிய அமர் சித்திரக் கதை காலத்திலிருந்தே நம்மில் பலருக்குப் புராணம் முதலில் அறிமுகமாவது படங்கள் வழியாகத்தான். நல்ல விஷயம். ஆனால் ஓர் அடியாரின் வாழ்க்கையைச் சில பக்கங்களில் அடக்கும்போது எதை விடுகிறோம், எதைச் சேர்க்கிறோம் என்று பார்க்க வேண்டும். திருநாளைப்போவார் என்னும் நந்தனாரை எடுத்துக்கொள்வோம்.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் அவர் ஆதனூரில் புலையர் குலத்தில் பிறந்தவர். சிவன் கோயில் பேரிகைக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், அர்ச்சனைக்குக் கோரோசனையும் கொடுப்பது அவர் தொண்டு. தைப்பூசத்தில் உறுமி அடிக்கிற தம்பிகளே, உங்களுக்குத் தோலின் அருமை தெரியும். அவர் கொடுத்த தோலின் ஓசை கருவறை வரைக்கும் போனது. கொடுத்தவர் வெளியே நின்றார்.

திருப்புன்கூரில் அவர் வாசலில் நின்று வணங்கியபோது நந்தி மறைத்தது. இறைவன் நந்தியை விலகச் செய்து காட்சி கொடுத்தார். இது எல்லாப் படக்கதைக்கும் பிடித்த காட்சி. படத்தைப் பார்க்கிற எட்டு வயதுப் பிள்ளை உடனே கேட்கும்: “அக்கா, அவரு ஏன் உள்ளே போகல? கோயில் பூட்டியிருந்துச்சா?”

இங்கேதான் நாம் தடுமாறுகிறோம். “அவருக்கு அடக்கம் அதிகம்மா” என்று சொல்லி அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அப்படிச் சொன்னால் நந்தி விலகியதற்கே அர்த்தம் இல்லாமல் போகிறது. உள்ளே போக முடிந்தவருக்கு நந்தி எதற்கு விலக வேண்டும்? உண்மையைச் சின்ன வார்த்தைகளில் சொல்லலாம்: “அந்தக் காலத்துல சில குலத்துல பிறந்தவங்களைக் கோயிலுக்குள்ள விடமாட்டாங்க. அது தப்பு. சாமிக்கு அந்த வித்தியாசம் கிடையாது. அதனாலதான் நந்தியைத் தள்ளி உட்காரச் சொன்னாரு.” பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும்.

இன்னொன்று, சேர்ப்பது. நந்தனாரைத் தில்லைக்கு அனுப்ப மறுத்து, நாற்பது வேலி நிலத்து வேலையை முடிக்கச் சொல்லும் கொடுமைக்கார வேதியர் பெரியபுராணத்தில் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தனார் சரித்திரத்தில் கொண்டுவந்த பாத்திரம் அவர். பிறகு 1942-இல் வந்த ‘நந்தனார்’ படத்திலும் அவர் வந்தார். கதைக்கு அவர் விறுவிறுப்புத்தான். ஆனால் படக்கதையில் அவர் முறைத்துக்கொண்டு நிற்கும்போது, தப்பெல்லாம் அந்த ஒரு ஆள் மேல் போய்விடுகிறது. சேக்கிழார் கதையில் அப்படி யாரையும் கைகாட்ட முடியாது. ஊரே அப்படி இருந்தது. நந்தனாரே தம் பிறப்பை நினைத்துத் தில்லையின் எல்லையில் தயங்கி, உள்ளே போகாமல் வலம் வந்தார். அடைத்த கதவு ஒரு மனிதனின் மனசுக்குள்ளேயே வந்துவிடுவதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

கடைசியில் தீ. இறைவன் கனவில் சொன்னபடி தீயில் மூழ்கி, பூணூலும் சடையும் கொண்ட முனிவராக எழுந்து, தில்லைக்குள் போய் வணங்கி, இறைவன் திருவடியில் கலந்தார் என்கிறது புராணம். “அப்படியே உள்ளே விட்டிருக்கலாமே?” என்று பெரிய பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும், வாயை அடைக்காதீர்கள். அந்தக் கேள்வியை நானும் மதிக்கிறேன். படம் வரைகிற தங்கைகளுக்கு ஒரே வேண்டுகோள்: தீக்குள் போகும்போது கறுப்பாகவும் வெளியே வரும்போது வெளுப்பாகவும் அவரை வரையாதீர்கள். சிவன் அழைத்தது ஆதனூர் நந்தனாரைத்தான். சேக்கிழாருக்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே, ஆதிசைவர் குலத்தில் பிறந்த சுந்தரர், திருநாளைப்போவாருக்கும் தாம் அடியவர் என்று பாடிவிட்டார். பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

எதற்கு இவ்வளவு சொல்கிறேன்? கடல் கடந்து வந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. இன்றும் கல்யாணப் பேச்சு எடுத்தால், “அவங்க என்ன ஆளுங்க?” என்று மெல்லக் கேட்கும் குரல் நம் வீடுகளில் இருக்கிறது. இன்று உங்கள் வகுப்பில் வண்ணம் தீட்டும் பிள்ளை நாளைக்கு அந்தக் குரலைக் கேட்கும். அப்போது அதற்கு நந்தி ஏன் விலகியது என்று தெரிந்திருக்க வேண்டும்.

புரட்டாசி ரோகிணி நந்தனார் குருபூசை. அந்த வாரம் வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லுங்கள். புத்தகத்தில் இல்லாத காரணத்தை உங்கள் வாயால் சேர்த்துச் சொல்லுங்கள்.

திருச்சிற்றம்பலம்.