பாலாலயம் கண்ட கப்பல்

ஜெர்மன் கடற்படையின் பாய்மரப் பயிற்சிக் கப்பலான கோர்ச் ஃபோக் 1958-இல் கட்டப்பட்டது. பழுதுபார்க்க 2016-இல் துறைக்குள் போன கப்பல் 2021-இல்தான் மீண்டது. ஒரு கோடி யூரோவில் முடியும் என்ற வேலை பதின்மூன்றரைக் கோடியை விழுங்கியது. தகடும் தளமும் பெரும்பாலும் புதிதானபின் அது பழைய கப்பல்தானா? ஏதென்ஸில் காத்துவந்த தீசியஸின் கப்பலை வைத்து புளூட்டார்க் எழுதிய பழைய கேள்விதான் இது. காஞ்சிபுரத்தில் இதற்குச் செயலிலேயே ஒரு விடை உண்டு. திருப்பணி தொடங்குமுன் கலாகர்ஷணம் செய்து, தெய்வ சாந்நித்தியத்தைக் கும்பத்துக்கு மாற்றி, தற்காலிகச் சன்னதியான பாலாலயத்தில் மரப் பலகையிலோ படத்திலோ எழுந்தருளச் செய்கிறார்கள். பூஜை நிற்பதில்லை. வேலை முடிந்து கும்பாபிஷேகம் ஆனதும் கோயிலைப் புதுக்கோயில் என்று யாரும் சொல்வதில்லை. வரதராஜப் பெருமாள் கோயிலில் மூலவர் கல் திருமேனி. அத்தி மரத் திருமேனியோ அனந்தசரஸ் குளத்தடியில் இருக்கிறது, கடைசியாக 2019-இல் வெளியே வந்தது. இரண்டும் வரதரே. அப்படியென்றால் ஒருமை பொருளில் இல்லை, அறுபடாத கைமாற்றத்தில் இருக்கிறது.

தெய்வத்துக்கு மந்திரம் உண்டு, இரும்புக்கு ஏது என்று கேட்கலாம். கப்பல் எதற்காக இருக்கிறதோ அதுதான் அதில் கைமாற வேண்டியது: மாலுமிப் பயிற்சி. கோர்ச் ஃபோக் துறையில் கிடந்தபோது அதன் பயிற்சி மாணவர்கள் ருமேனியாவின் மிர்ச்சா கப்பலில் ஏறினார்கள். கோர்ச் ஃபோக் பிறந்த அதே ஹாம்பர்க் தளத்தில் 1938-இல் பிறந்த கப்பல் அது. பாலாலயம் என்ற சொல் ஜெர்மானியருக்குத் தெரியாது, செய்தது அதைத்தான். இன்னும் கடினமான மறுப்பு பௌத்தருடையது. காஞ்சிக்கு அருகே பிறந்தவராகச் சொல்லப்படும் திக்நாகரின் மரபில் வந்தவர்கள், எல்லாம் கணந்தோறும் அழிகிறது, ஒருமை வெறும் வழக்கு என்றார்கள். வைணவ ஆசாரியர் தூப்புல் வேதாந்த தேசிகர் அதை மறுத்தார். அந்த விவாதத்தை இங்கே தீர்க்கத் தேவையில்லை. தொடர்ச்சி மட்டுமே உண்டு என்றாலும், தொடர் அறுந்ததா இல்லையா என்ற கேள்வி மிஞ்சும். காஞ்சித் தறியில் அச்சிலும் விழுதிலும் நிற்கும் பழைய நுனிகளோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைக்கிறார்களே, அந்தப் பிணைப்பு நடந்ததா என்பதுதான் கேள்வி.

அப்படியானால் புதுக் கப்பலே போதாதா? பழைய மாலுமிகள் அதில் ஏறிக் கற்பித்தால் போதும். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். செலவை நியாயப்படுத்தப் பழமை மட்டும் போதாது. நம் கடற்படையின் ஐ.என்.எஸ். தரங்கிணி 1997-இல் பணியில் சேர்ந்தது, 2003-04-இல் உலகைச் சுற்றியது. அதற்குப் பெரிய பழுதுபார்ப்பு வரும்போது, எஃகுக்கும் பாய்க்கும் கணக்கு எழுதுமுன், பயிற்சி அந்த மாதங்களில் எந்தக் கப்பலில் நடக்கும் என்பதை முதலில் எழுதுங்கள்.