வீண் நிலம்

போன வாரம் என் மருமகன் வந்திருந்தான். ஜீப் பைத்தியம் பிடித்த பிள்ளை. கைபேசியில் ஓர் இடத்தைக் காட்டினான். அமெரிக்காவில் பென்சில்வேனியா ராஜ்யத்தில், நார்தம்பர்லாந்து என்ற ஜில்லா. நிலக்கரியைத் தோண்டி எடுத்துவிட்டுக் கைவிட்ட பூமி, ஏறக்குறைய 6,500 ஏக்கர். 2014-ல் அதை வண்டியோட்டி விளையாடும் இடமாகத் திறந்துவிட்டார்கள். கரிய மேடுகளில் ஜீப்புகள் ஏறுகின்றன, சகதியில் புரள்கின்றன. எனக்கே ஆசையாகிவிட்டது என்பதை ஒளிப்பானேன்?

"நம்ம நெய்வேலியிலயும் இப்படிச் செய்தா என்ன மாமா? கரி எடுத்த பொறவு வீணாக் கெடக்கப்பட்ட நெலம்தானே?"

அந்த 'வீணா'தான் என்னை அன்றிரவு தூங்கவிடவில்லை.

நெய்வேலிக் கம்பெனி 1956-ல் ஏற்பட்டது. பழுப்பு நிலக்கரி இருந்தது மண்ணுக்கு அடியில். மண்மேல் இருந்தவை ஊர்களும் வயல்களும். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்ட, நின்ற நெற்பயிரின்மேலேயே எந்திரங்களை இறக்கினார்கள். நிலத்தை முன்பே கையகப்படுத்திவிட்டோம் என்றது நிர்வாகம். சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். மின்சாரம் வேண்டும் என்று சொல்லி வாங்கிய நிலம் அது. என் வீட்டு விசிறியும் மின்சாரத்தில்தான் சுற்றுகிறது. அதனால் வாய் திறக்க எனக்குக் கூச்சமுண்டு. ஆனால் தேவை தீர்ந்த பிறகும் அந்தப் பழைய விலையே செல்லுமா? வெளிச்சத்துக்கு என்று கொடுத்தவன், கேளிக்கைக்கும் கொடுத்தவன் ஆவானா?

பென்சில்வேனியாக்காரரை நான் குறை சொல்லவில்லை. சுரங்கம் ஓய்ந்த ஊருக்கு நாலு பேர் வந்து போனால்தான் அடுப்பெரியும். மொட்டைக் குழியைவிட விளையாட்டு எவ்வளவோ மேல்.

சிறு வயதில் நாங்களும் வயலில்தான் விளையாடினோம். கும்பப்பூ அறுத்ததும் தாள் குத்தக் குத்தப் பந்தடிப்போம். பாட்டா வரப்பில் நின்று, "ஏலே, வரப்பை ஒடைச்சிராதீங்க! உழவுக்கு முன்னால எல்லாவனும் ஏறிரணும்!" என்று சத்தம் போடுவார். பிறகு அவரே பூவரசு நிழலில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார். வயல் அவருடையது; ஆட்டம் அவர் கொடுத்தது. நெய்வேலிக் குழியில் ஜீப் விட்டால் வரப்பில் நின்று சத்தம் போட யார் இருப்பார்கள்?

மருமகனிடம் இதைச் சொன்னேன். அவன் சற்று யோசித்துவிட்டு, "அந்த வயல் இப்ப எங்க மாமா?" என்றான்.

பாட்டா இறந்த மறு வருஷமே அதை வீட்டு மனைகளாக்கி விற்றோம். பத்திரத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது.