ஏட்டைத் திறப்பவன்

அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த பென்ஸில்வேனியா ராஜ்யத்தின் சட்டத் தொகுதியில், ஒருவனுடைய குற்றப் பதிவை எப்போது அழிக்கலாம் என்று கூறும் இடத்தில், இரண்டு விதிகள் அடுத்தடுத்து நிற்கின்றன. 70 வயதை எட்டி, கடைசியாக விடுதலை பெற்ற பின் 10 ஆண்டுகள் கைதும் வழக்கும் இன்றி வாழ்ந்தவனுடைய பதிவை அழிக்கலாம் என்பது ஒன்று. இறந்து 3 ஆண்டுகள் ஆனவனுடைய பதிவை அழிக்கலாம் என்பது மற்றொன்று. பழைய காகிதங்களைக் கழிக்கும் சௌகரியத்தை மட்டும் கருதி இந்த இரண்டாவது விதியை எழுதியிருக்கலாம்; ஆயினும் நம்முடைய புராணங்களோடு பழகிய ஒருவன் அதைப் படிக்கும்போது சற்றே திகைத்துத்தான் நிற்பான். நாம் அறிந்த சித்திரகுப்தனுடைய ஏடு மனிதன் இறந்த பிறகே பிரிக்கப்படுவது. அவன் உயிரோடு இருக்குமளவும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அயல்வீட்டானுக்கும் தெரியாது, அவனுக்கே தெரியாது. பென்ஸில்வேனியாவின் ஏடோ மனிதன் உயிரோடு இருக்கும் காலமெல்லாம் திறந்து கிடந்து, அவன் மாண்டு மூன்றாண்டு கழிந்த பின் மூடிக்கொள்ளச் சம்மதிக்கிறது. இவ்விரண்டு ஏடுகளுக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு என்பதைக் குறித்துச் சிறிது சிந்திப்போம்.

சர்க்காரின் ஏட்டைத் திறப்பதற்கு யோகமும் வேண்டாம், தவமும் வேண்டாம். வாயில்கள் இரண்டு உண்டு. முதலாவது, ராஜ்யப் போலீஸ் இலாகா ‘பேட்ச்’ என்ற பெயரால் இணையத்தில் நடத்திவரும் ஏற்பாடு. வீட்டை வாடகைக்கு விடுபவரோ, வேலைக்கு ஆள் எடுக்கும் முதலாளியோ, வெறும் ஆவலால் உந்தப்பட்ட அயலாரோ, தாம் விசாரிக்கும் மனிதனுடைய பெயரையும் பிறந்த தேதியையும் எழுதி, 22 டாலர் கட்டணமும் செலுத்தினால், பெரும்பாலும் அப்போதே ‘பதிவு ஏதும் இல்லை’ என்ற விடை வந்துவிடும். பதிவு இருக்கக்கூடும் என்று தோன்றினால், இலாகாவினர் ஆராய்ந்து பதில் சொல்லச் சில வாரங்கள் செல்லலாம். இரண்டாவது, அந்த ராஜ்யத்து நியாயஸ்தலங்களுக்குப் பொதுவான இணையத்தளம். அங்கே கட்டணமும் கிடையாது. பெயரை இட்டுத் தேடினால், வழக்கின் எண், சாட்டப்பட்ட குற்றங்கள், ஜாமீன் விவரம், விசாரணை நாட்கள், முடிவு என்று எல்லாம் வரிசையாக எழுதிய தாள் கண்முன் வந்து நிற்கும்.

இவ்விரண்டு வாயில்களும் ஒரே செய்தியைச் சொல்வன அல்ல என்பதை, திறந்து பார்ப்பவர்களில் அநேகர் அறிவதில்லை. ஒருவன் கைதாகி 3 ஆண்டுகள் ஆன பிறகும் தண்டனை பெற்றதாகக் குறிப்பு இல்லை, வழக்கும் நிலுவையில் இல்லை என்றால், அந்தக் கைதைப் போலீஸ் இலாகா வெளியாருக்குச் சொல்லலாகாது என்று சட்டம் தடுத்திருக்கிறது. நியாயஸ்தலத்தின் தாளில், உத்தரவினாலோ சட்டத்தினாலோ அது மூடப்படும் வரையில், சாட்டப்பட்டவை பத்தாகவும் நிலைநாட்டப்பட்டது ஒன்றாகவும் இருந்தாலும், பத்தும் அணிவகுத்து நிற்கும். படிப்பவனுடைய கண் பத்தையும் எண்ணி மலைக்குமே அல்லாது, ஓரத்தில் ‘வாபஸ்’ என்று குறித்திருக்கும் சிறு சொல்லைத் தேடிக்கொண்டு போகாது. பெயரைக் கொண்டு தேடுவதில் வேறோர் அபாயமும் உண்டு. பெயர் ஒற்றுமையினால் எமதூதர்களே ஏமாந்து, ஓர் ஊரில் பிடிக்கவேண்டியவனை விட்டு வேறொருவனைப் பிடித்துச் சென்று, சித்திரகுப்தனிடம் ஏச்சுக் கேட்டு அவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டதாக நம் கிராமங்களில் கதை சொல்வார்கள். எமலோகத்தில் தவற்றைத் திருத்த ஒரு சித்திரகுப்தன் இருக்கிறான். வீட்டுக் கூடத்தில் தனியே உட்கார்ந்து பெயரைத் தேடுகிறவன் செய்யும் தவற்றைத் திருத்த அங்கே எவரும் இல்லை.

அப்படியானால் இந்த ஏட்டைத் திறந்து வைத்தவர்கள் ஈரமற்றவர்களா என்று கேட்டால், சரித்திரம் வேறுவிதமாகப் பதில் சொல்கிறது. அந்த ராஜ்யத்தை ஸ்தாபித்த வில்லியம் பென், குவேக்கர் என்னும் கிறிஸ்தவ சமயப் பிரிவைச் சார்ந்தவர். ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் தெய்வத்தின் உள்ளொளி சுடர்கிறது என்பது அப்பிரிவினரின் நம்பிக்கை. 1670-ஆம் ஆண்டில் லண்டன் நகரத்துத் தெரு ஒன்றில் பிரசங்கம் செய்ததற்காக அவர் மீது வழக்குத் தொடரப்பட்டபோது, அவரைக் குற்றவாளி என்று சொல்ல மறுத்த ஜூரிகளை நீதிபதிகள் அன்ன ஆகாரமின்றி அடைத்து வைத்து வருத்தினார்கள். அந்த அநீதியை நேரில் கண்டவர், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் தம்முடைய புதிய நாட்டுக்கு விதிகள் வகுத்தபோது, நியாயஸ்தலங்கள் யாவும் திறந்திருக்கவேண்டும் என்ற விதியையும் அவற்றுள் சேர்த்துக்கொண்டதில் வியப்பில்லை. மூடிய அறையில் நடக்கும் விசாரணை அரசனுக்கு ஆயுதம், திறந்த மன்றத்தில் நடப்பது குடிமகனுக்குக் கவசம் என்பதே அதன் உட்பொருள். குற்றம் சாட்டப்பட்டவனைக் காப்பதற்காகத் திறக்கப்பட்ட கதவு அது. அதே கதவு, தண்டனை அனுபவித்து வெளிவந்தவனை ஆயுள் முழுதும் பின்தொடர்ந்து வரும் என்பதை அந்தக் காலத்தில் யார் கண்டார்கள்? சமய காரணங்களுக்காகச் சிறைவாசம் அனுபவித்த பென்னுடைய பெயரையே இன்றைக்கு இத்தகைய ஏடொன்றில் தேடினால், கைதுகள் சில வரிசையாக நிற்கும். அவற்றைப் பார்த்து அவருக்கு வீடு கொடுக்க மறுப்பவர்களும் இருப்பார்கள்.

அதே ராஜ்யத்தில், பிலடெல்பியா நகரத்தில், 1829-ஆம் ஆண்டு ‘கிழக்கு ராஜ்யச் சிறைச்சாலை’ திறக்கப்பட்டது. குற்றவாளியைத் தனிமையில் வைத்தால் அவன் தன் உள்ளத்தோடும் தெய்வத்தோடும் பேசிப் பச்சாத்தாபம் அடைவான் என்று நம்பி, ஒவ்வொருவனுக்கும் தனி அறையும், வெளிச்சம் மேலிருந்து மட்டும் விழும்படி கூரையில் ஒரு திறப்பும் அமைத்தார்கள். 1842-இல் அங்கே சென்று பார்த்த சார்ல்ஸ் டிக்கன்ஸ் அந்தத் தனிமையைச் சித்திரவதை என்றே கண்டித்தார். அவர் கண்டித்தது முற்றிலும் நியாயம். ஆனால் அந்தக் கொடிய ஏற்பாட்டுக்குள் ஒரு நுட்பமான எண்ணமும் புதைந்து கிடந்தது. கைதியை அறையிலிருந்து வெளியே நடத்திச் செல்லும்போதெல்லாம் அவன் முகத்தைத் துணியால் மூடினார்கள். பெயரை விடுத்து எண்ணால் அவனை அழைத்தார்கள். அவன் பிறரைக் காணாதிருக்கவேண்டும் என்பது ஒரு காரணம். நாளைக்கு விடுதலையாகித் தெருவில் நடக்கும்போது, இவன் சிறையில் இருந்தவன் என்று எவரும் அடையாளம் காணாதிருக்கவேண்டும் என்பது இன்னொரு காரணம். உடலை வருத்துவதில் எல்லை காணத் தவறிய அந்த மனிதர்கள், அவமானத்துக்கு ஓர் எல்லை வேண்டும் என்பதை மட்டும் அறிந்திருந்தார்கள். நாமோ சிறைகளை ஓரளவு திருத்திவிட்டு, அந்த முகத்திரையைக் கழற்றி எறிந்துவிட்டோம்.

இனிச் சமயத்தின் நோக்கில் இதை ஆராய்வோம். வினைக் கொள்கை இரக்கமற்றது என்று சிலர் குறை கூறுவார்கள். அணுவளவும் விடாமல் எழுதி வைத்து அனுபவிக்கச் செய்கிறது என்பது அவர்களுடைய முறையீடு. ஆனால் அந்தக் கொள்கையில் உள்ள பெரியதோர் ஆறுதலை அவர்கள் காண்பதில்லை. சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று வினையை மூன்றாகப் பகுத்த நம் சித்தாந்திகள், அனுபவித்த வினை அனுபவித்ததோடு தீர்ந்துவிடும் என்பதில் ஐயமே கொள்ளவில்லை. நுகர்ந்து கழித்த பிராரத்தம் மீண்டும் கணக்கில் ஏறாது. குவிந்து கிடக்கும் சஞ்சிதமும் குருவின் அருட்பார்வையால் எரிந்துபோகும் என்பது அவர்கள் முடிபு. ஏழாண்டுச் சிறைவாசம் விதிக்கப்பட்டு, ஏழாண்டையும் எண்ணி எண்ணிக் கழித்தவன், வினையின் நியாயப்படி அந்தக் கடனைத் தீர்த்தவன் ஆகிறான். கடன் தீர்ந்த பிறகும் பத்திரத்தைக் கிழிக்காமல் ஊரார் பார்க்கும்படி தெருவாசலில் தொங்கவிடும் லேவாதேவிக்காரனை நாம் எப்படி மதிப்போமோ, அப்படியே இந்த ஏட்டையும் மதிக்க நேரிடுகிறது.

எனினும் இத்தோடு நிறுத்திவிட்டால் அது பாதி உண்மையே ஆகும். கொலைத் தொழிலை விட்டுப் பிக்ஷுவான அங்குலிமாலனுடைய கதையில் மறுபாதி அடங்கியிருக்கிறது. அவனைப் பிடிப்பதற்காகக் குதிரைப் படையோடு புறப்பட்ட பசேனதி மன்னன், புத்தபெருமான் அருகே சீவர ஆடையில் அமைதியாக வீற்றிருப்பவன் அவனே என்று அறிந்ததும், கைதுசெய்ய வந்ததை விடுத்து, அவனுக்கு வேண்டியவற்றை அளிக்க முன்வந்தான். அரசன் தன் ஏட்டை மூடிவிட்டான். சிராவஸ்தி நகரத்து ஜனங்களோ மூடவில்லை. பிக்ஷைக்குச் சென்றவன் மீது கல்லும் கட்டியும் வந்து விழுந்தன, ஓடு உடைந்தது, தலையில் ரத்தம் வழிந்தது. புத்தர் அந்த ஜனங்களைச் சபிக்கவில்லை. நெடுங்காலம் நரகத்தில் அனுபவித்திருக்க வேண்டியதை இங்கேயே அனுபவிக்கிறாய், பொறுத்துக்கொள் என்று சீடனுக்கே உபதேசித்தார். மகனைப் பறிகொடுத்த தாயை நோக்கி, காலம் கடந்துவிட்டது, மறந்துவிடு என்று சொல்லும் உரிமை எந்த அரசனுக்கும் இல்லை, எந்த ஞானிக்கும் இல்லை என்பதே அந்த ஜனங்களிடம் அவர் காட்டிய மௌனத்தின் பொருள் என்று நான் கருதுகிறேன். அவளுடைய ஞாபகம் வேறு. தன் இழப்பு ஏதும் இன்றி, 22 டாலர் கொடுத்து வாங்கும் ஞாபகம் வேறு.

பென்ஸில்வேனியா மக்களும் இந்த வேறுபாட்டை உணரத் தொடங்கியிருக்கிறார்கள். 2018-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் தேதி கவர்னர் டாம் வுல்ஃப் ஒப்பமிட்ட ‘க்ளீன் ஸ்லேட்’ சட்டத்தின் பெயருக்குத் துடைத்த பலகை என்பது பொருள். தண்டனையில் முடியாத வழக்குகளையும், பத்தாண்டு நல்லொழுக்கத்துக்குப் பிறகு சிறு குற்றங்கள் சிலவற்றையும், எவரும் விண்ணப்பம் செய்யாமலே இயந்திர கதியில் பொதுமக்கள் பார்வையிலிருந்து மறைப்பது அதன் ஏற்பாடு. ஐக்கிய நாடுகளில் இத்தகைய சட்டம் செய்த முதல் ராஜ்யம் அதுவே. 2023-இல் வந்த திருத்தம் சிறு குற்றங்களுக்குரிய பத்தாண்டை ஏழாகக் குறைத்தது. கொடிய வன்முறைக் குற்றங்களை இந்தக் கருணை தொடவில்லை. மறைக்கப்பட்டவற்றையும் போலீஸாரும் நியாயாதிபதிகளும் வேண்டும்போது பார்க்கலாம். இவ்வாறு மறைக்கப்பட்ட குற்றத்தைப் பற்றிக் கேட்கப்பட்டால், சில விலக்குகள் நீங்கலாக, அது நிகழவே இல்லை என்பதுபோல் விடையளிக்கச் சட்டம் ஒருவனுக்கு அனுமதி தருகிறது. நடந்ததை நடக்கவில்லை என்று சொல்லச் சட்டமே இடங்கொடுக்கலாமா என்று நீதிவழி நிற்பவர்கள் முகஞ்சுளிக்கக்கூடும். குற்றமற்ற நன்மையைப் பயக்குமானால் பொய்யும் மெய்யின் ஸ்தானத்தைப் பெறும் என்று கருதிய வள்ளுவருக்கு இதில் அதிர்ச்சி இருந்திராது. ஒருவனுடைய பழைய செயலைப் பற்றிய உண்மை, அவனுடைய இன்றைய இயல்பைப் பற்றிய பொய்யாகிவிடும் சமயங்களும் உண்டல்லவா?

ஏடுகளுக்கு இடையே உள்ள தூரத்தை இப்போது சொல்லிவிடலாம். சித்திரகுப்தனுடைய ஏட்டுக்கு வாசகன் ஒருவனே, அவன் தர்மராஜன். படிப்பதனால் அவனுக்கு லாபமும் இல்லை, வம்பு பேசும் சுகமும் இல்லை. எழுதியதன் முழுக் காரணத்தையும் அறிந்து, சீர்தூக்கிப் பார்த்து, அதற்குரிய பயனை அளந்து கொடுக்கும் பொறுப்பு ஒன்றே அவனுக்கு உண்டு. மனிதரின் ஏட்டுக்கோ வாசகர் லட்சக்கணக்கானவர். அவர்களுக்கு அச்சம் உண்டு, ஆவல் உண்டு, பொறுப்பு மாத்திரம் இல்லை. ஆதலால் குறை ஏட்டில் அவ்வளவாக இல்லை, படிப்பவனிடம் இருக்கிறது. படிப்பதும் ஒரு வினையே. பென்ஸில்வேனியாவின் சட்டமும் இதை ஒருவாறு உணர்ந்தே, வேலை கொடுப்பவர் ஒருவனுடைய குற்றத் தண்டனையை, அவன் ஏற்கப்போகும் வேலைக்கு அவன் தகுதியானவனா என்பதைத் தொடும் அளவுக்கே கருதவேண்டும் என்றும், அதனால் வேலை மறுத்தால் அவ்வாறு மறுத்ததை எழுத்து மூலமாகத் தெரிவிக்கவேண்டும் என்றும் விதித்திருக்கிறது. குழந்தைகளை ஒப்படைக்கப்போகும் இடத்தில் ஏட்டைத் திறந்து பார்ப்பது கடமை; பணப்பெட்டியை ஒப்படைக்கும் இடத்தில் பணம் களவாடிய கதையைக் கேட்பது விவேகம்; இருபது ஆண்டுகளுக்கு முன் வாலிப மயக்கத்தில் நடந்த சச்சரவு ஒன்றைக் காட்டித் தோட்ட வேலை கேட்டு வந்தவனைத் துரத்துவதோ, ஏற்கெனவே தீர்ந்துபோன தண்டனையைத் தன் கையால் மறுபடியும் விதிப்பதே ஆகும். நீதிபதி ஒருமுறை விதித்ததை, எந்தத் தகுதியும் பெறாத மனிதன் தன் கூடத்தில் உட்கார்ந்தபடியே மீண்டும் விதிக்கிறான்; அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடும் இல்லை.

எனவே, பெயரையும் பிறந்த தேதியையும் எழுதுவதற்கு முன் ஒரு கணம் கையை நிறுத்தி, நான் இதை அறிந்து என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டுக்கொள்வது, அந்த ஏட்டைத் திறக்கும் எவனும் தனக்குத் தானே விதித்துக்கொள்ள வேண்டிய சங்கற்பமாகும். அக்கேள்விக்கு நேர்மையான விடை இருந்தால் திறக்கலாம். படித்ததைப் பற்றி அந்த மனிதனையே அழைத்து அவன் சொல்வதையும் கேட்கலாம். விடை இல்லையென்றால் மூடியே இருக்கட்டும். இறந்து மூன்றாண்டு ஆனவனுக்குச் சட்டம் மறதியை அளிக்க இசைகிறது. அவனுக்கு இனி வாடகை வீடும் வேண்டாம், கூலி வேலையும் வேண்டாம், பெண்ணுக்கு வரன் தேடும்போது ஊரார் என்ன சொல்வார்களோ என்ற கவலையும் கிடையாது. அந்த மறதி தேவைப்படுவது உயிரோடு இருப்பவனுக்கு. அதன் பெரும் பகுதியை அவனுக்குக் கொடுக்கக் கூடியவர்கள், சட்டம் இயற்றுவோரைக் காட்டிலும், அவனுடைய பெயரைத் தெரிந்துவைத்திருக்கும் அயலாரே ஆவர்.